பொத்தான் புடைக்க ஆசைப்பட்டவன்

ஓடிக்கொண்டிருப்பதை நோண்டாதே என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தருவதில்லை. சொல்லித்தந்திருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். அப்போது எனக்கு வயது இருபத்தாறு. திருச்சியிலிருந்து டொராண்டோவுக்கு வந்து ஆறு மாதம். உலகத்திலேயே கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் நான்தான். (மற்றவர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. டொராண்டோவை ஒட்டிய மார்க்கமில், பதினொரு பேர் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், நாய் பூனை ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். எந்த நாய்க்கு எப்போது ஊசி என்று திரையில் காலண்டர் காட்டும். நாயின் சொந்தக்காரருக்கு நினைவூட்டல் கடிதமும் அச்சடிக்கும். அந்தக் காலண்டரும் அச்சடிக்கும் கட்டளைகளும் எங்கள் கைவேலை அல்ல. வேறொருவர் எழுதி விற்ற, 'லைப்ரரி' எனப்படும் ஆயத்த நிரல் தொகுப்பை வாங்கி எங்கள் நிரலோடு கோத்திருந்தோம். அருமையாக ஓடியது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு மூன்று மிருக வைத்தியர்கள் எங்கள் மென்பொருளைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் பதினொரு பேரும் வேறு வேலை தேட வேண்டியதுதான். செவ்வாயன்று தபாலில் லைப்ரரியின் பீட்டா வந்தது. அதாவது இன்னும் வெளியிடாத, சோதித்துப் பார்க்க மட்டுமேயான அடுத்த பதிப்பு. அதில் திரைப் பொத்தான்கள் தட்டையாக இல்லாமல் புடைத்துக்கொண்டு நின்றன. அமுக்கினால் உள்ளே வேறு போயின! யாரையும் கேட்காமல் பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதை ஏற்றினேன்.

புதன்கிழமை காலை, எல்லாத் துண்டுகளையும் சேர்த்து முழு மென்பொருளாக்கும் 'பில்ட்' தொடங்கினேன். பாதியில் நின்றது. ஒரே ஒரு பிழை: அச்சடிக்கும் கட்டளையைக் காணவில்லையாம்.

அச்சடிக்கும் பகுதியை எழுதியவர் பக்கத்து மேசை சிவம் அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர். குற்றவாளி கிடைத்துவிட்டார்.

"அண்ணே, உங்க பிரிண்ட் கோட்தான் உடைஞ்சிருக்கு."

"என்ர கோட் போன கிழமை ஓடினது, தம்பி. நீர் என்ன மாத்தினனீர்?"

"ஒண்ணுமே மாத்தலையே!" (மென்பொருள் எழுதுகிறவன் வாயில் முதலில் வரும் பொய்.)

"அப்ப உது தானா உடைஞ்சது எண்டுறீர்?"

"ஓம்," என்றேன், அவர் பாஷையிலேயே, மரியாதைக்காக.

பிறகு விஞ்ஞானபூர்வமாக இறங்கினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரை இருபத்திரண்டு டிஸ்க்குகளிலிருந்து மறுபடி நிறுவினேன். பதினேழாவது டிஸ்க் படிக்க மறுத்ததால் முதலிலிருந்து இன்னொரு முறை. சிவம் அண்ணையின் நிரலில் நாற்பது இடங்களைத் 'திருத்தினேன்'. பிழை ஒன்று, முப்பத்தொன்றானது.

வியாழன் மதியம் வேறு வழியில்லாமல் லைப்ரரிக்காரர்களுக்குப் போன் போட்டேன். காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். கை வலித்ததால் ஸ்பீக்கரில் வைத்தேன். ஒரு வழியாக ஒரு பெண் வந்து, "டிஸ்க்கோடு வரும் 'ரீட்மீ' குறிப்புக் கோப்பைப் படித்தீர்களா?" என்று கேட்டபோது, முதலாளி மார்கரெட் உட்பட அலுவலகமே என் பின்னால் நின்றது.

"அதன் முதல் வரியில் இருக்கிறது. பீட்டாவில் அச்சடிக்கும் வசதி இன்னும் சேர்க்கவில்லை."

ஒன்றரை நாளாக நான் தேடியது, உலகத்திலேயே இல்லாத பொருள்.

மார்கரெட் கத்தவில்லை. "பழைய பதிப்பைப் போட்டுவிடு" என்றார். அவ்வளவுதானே! இழுப்பறையைத் திறந்து, பழைய டிஸ்க்கை எடுத்து, கம்பீரமாகச் செருகினேன். அதில் ஒரே ஒரு கோப்பு இருந்தது. என் ரெஸ்யூமே.

செவ்வாயன்று, இனிப் பழையது எதற்கு என்று அந்த டிஸ்க்கைத் துடைத்து, வேறு கம்பெனிக்கு அனுப்ப எழுதியதை அதில் போட்டிருந்தேன். அது நினைவுக்கு வருவதற்குள் மார்கரெட் குனிந்து கோப்பைத் திறந்துவிட்டார்.

"'மிகுந்த பொறுப்புள்ளவன்'," என்று உரக்கப் படித்தார். "பொறுப்பு என்ற சொல்லிலேயே எழுத்துப் பிழை."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

சிவம் அண்ணை மட்டும் மெல்ல நகர்ந்து போய், தன் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கி வந்தார். உள்ளே எல்லாப் பதிப்புகளின் பிரதிகளும், அவருடைய திருத்தப்படாத நிரலும், ரப்பர் பட்டை போட்டு.

"எறிய மனம் வராது, தம்பி. தள்ளும், நான் இருக்கிறன்," என்று என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பில்ட் முடிந்தது. வைத்தியர்களுக்குக் கடிதம் அச்சாகி வந்ததில் ஏக மகிழ்ச்சி. பொத்தான் தட்டையா புடைப்பா என்று மூவரில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. மார்கரெட் மாலையில் என் ரெஸ்யூமேயை அச்செடுத்து, பதினான்கு பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தித் தந்தார். "இப்போது அனுப்பலாம்" என்றார். வெட்கத்தில் அனுப்பவில்லை, அங்கேயே ஒன்பது வருடம் இருந்தேன்.

அண்ணை இதை என் மனைவியிடம் எங்கள் கல்யாண விருந்திலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் நான் எதைத் தொட்டாலும், "சிவம் அண்ணாவுக்கு ஒரு போன் போட்டுட்டு அப்புறம் கையை வைங்க" என்பாள். பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள்.

போன வருடம் சமையலறைக் குழாயை மாற்றினேன். போன் போடவில்லை. தண்ணீர் ஹாலுக்கு வந்ததும் அவளே போட்டாள். தான் குடியிருக்கும் விட்பியிலிருந்து அண்ணை வந்து இறங்கினார், கையில் ஒரு பழைய குழாயோடு.

"கழட்டினதை எறிஞ்சிருப்பீர் எண்டு நினைச்சன்," என்றார்.

எறிந்துதான் இருந்தேன்.