கருத்தரங்கில் நான் ஏற்றிய கற்பூரம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறேழு வருஷமாக யோசித்தேன். பேனாவை எடுப்பேன், வெட்கம் வரும், வைத்துவிடுவேன். கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

கல்வராயன் மலைச்சரிவில் எங்கள் ஊர். ரோடு கிடையாது. பிரசவ வலி வந்த மருமகளைத் தூளி கட்டித்தான் கீழே தூக்கிப்போனோம். (முருகன் புண்ணியம், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.) உடனே ரோடு கேட்டு மனு போட்டேன். அதன் நகல் எப்படியோ சட்டப் பேராசிரியர்கள் கைக்குப் போய், அதைப் பற்றிக் கள்ளக்குறிச்சியில் கருத்தரங்கு வைத்தார்கள். எனக்கும் அழைப்பு. அன்றைக்கே ரோடு கிடைத்துவிடும் என்று நம்பி, நெற்றி நிறையத் திருநீறோடு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். (ஆசையைப் பாருங்கள்!)

காலையில் ஒரு பேராசிரியர், "ரோடு கேட்பது அடிப்படை உரிமை ஆகாது, அது அரசாங்கத்தின் கொள்கை முடிவு" என்று முழங்கினார். பல்லைக் கடித்துக்கொண்டேன். மத்தியானம் சாப்பிட்டு வந்து அதே மனிதர், "ரோடு இல்லாவிட்டால் உயிர் வாழும் உரிமையே இல்லை" என்றார். அதற்கும் கைதட்டல்!

எழுந்துவிட்டேன். "இன்னா சார் இது? சோறு துன்றதுக்கு முன்னாடி ஒரு பேச்சு, துன்னப்புறம் ஒரு பேச்சா?"

"ஐயா, ரெண்டு பக்கத்தையும் வாதம் பண்ணிப் பாக்கறதுதாங்க எங்க வழக்கம்."

"எது நெசம்னு சாமி மேல சத்தியம் பண்ணுங்க!"

எங்கள் பக்கத்தில் எந்தத் தகராறும் கற்பூரத்தின்மேல் சத்தியம் செய்தால் தீர்ந்துவிடும். சட்டைப்பையில் எப்போதும் ஒரு வில்லை வைத்திருப்பேன். டீ வந்த தட்டை எடுத்துக்கொண்டு மேடையேறி, அதில் கற்பூரத்தை ஏற்றிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. என் மனுவை எடுத்தார். "நான் பேசுனது வாதம். நீங்க எழுதுனது நடந்த விஷயம். மொதல்ல நீங்க சத்தியம் பண்ணுங்க. பன்னெண்டு கிலோமீட்டர் தூக்கிட்டு வந்தீங்களா?"

(நிஜம் ஐந்து. ஐந்து என்று எழுதினால் எந்த ஆபீஸில் யார் அசைவார்கள்?)

கை நீளவில்லை. கற்பூரம் அணையும்வரை மரம்போல நின்றேன். ஹால் முழுக்கச் சிரிப்பு.

சிரித்தவர்களைக் கேட்கிறேன்: வலியோடு தூளியில் ஐந்து கிலோமீட்டர் கம்மியா? கூட்டிச் சொன்னால்தான் காது கேட்கும் என்று எங்களைப் பழக்கியது யார்?

இன்றைக்கும் வீட்டில் நான் எதையாவது அளந்தால், அதே மருமகள் கேட்கிறாள்: "மாமா, கற்பூரம் எடுத்துக்கினு வரட்டுமா?" எலவனாசூர்கோட்டைச் சம்பந்தி சொல்கிற கதையிலோ பேராசிரியரின் வேட்டியே பற்றி எரிகிறது. அவர் போட்டிருந்தது பேண்ட்.

ஆகவே இதைப் பிறரிடம் சொல்பவர்கள் எழுதியபடியே சொல்லுங்கள். என் அவமானத்தையும் குறைக்காதீர்கள். ஐந்து ஐந்தாகவே இருக்கட்டும். அதற்கே ரோடு வரவேண்டும்.