நாலு நிமிஷத்தில் போன வாஷிங் மெஷின்

அன்புமிக்க அக்கா காசிமியேராவுக்கு,

ராடோமிலிருந்து தம்பி போகுமில் எழுதிக்கொள்வது. நானும் ஹலினாவும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை; அது வரிசையில் நின்றே தேய்ந்த முழங்கால் என்பது உனக்குத் தெரியாததல்ல. உன் அழைப்பு கிடைத்தது. நாற்பது வருஷம் கழித்து, உன் பெயர்ப் புனிதரின் திருநாளுக்குத் தோருனுக்கு வரச் சொல்லியிருக்கிறாய். வாத்து வறுவலும் கசகசா கேக்கும் உண்டு என்று ஆசை வேறு காட்டியிருக்கிறாய். மிக்க நன்றி. வரமாட்டேன். ஏன் வரமாட்டேன் என்று மரியாதையாக விளக்கிவிடத்தான் இந்தக் கடிதம்.

போன சனிக்கிழமை எங்கள் பகுதி கலாசார மன்றத்தில் ஒரு கண்காட்சி திறந்தார்கள். 'அந்தக் காலத்து அன்றாட வாழ்க்கை' என்று பெயர். நடத்துகிற பெண் மல்வினா கம்யூனிஸ்ட் ஆட்சி போய்ப் பத்து வருஷம் கழித்துப் பிறந்தவள், ஆகவே அதைப் பற்றி எல்லாம் தெரிந்தவள். காலை பத்து மணிக்கு வந்தால், காலிக் கடை முன்னால் பதினைந்து நிமிஷம் 'வரிசை அனுபவம்' தரப்படும் என்று சுவரொட்டி ஒட்டியிருந்தாள். பதினைந்து நிமிஷம்! நாம் நாள் கணக்கில் நின்றோமே, அதற்குப் பெயர் என்னவோ. பத்து மணி என்றால் நம் ஆட்கள் பத்து மணிக்கா வருவார்கள்? ஆறு மணிக்கே முப்பத்திரண்டு கிழங்கள் கதவு முன்னால் ஆஜர். என்ன தருகிறார்கள் என்று முன்னால் நின்றவருக்கும் தெரியாது, பின்னால் வந்தவர் கேட்கவும் இல்லை. வரிசை இருந்தது, சேர்ந்துகொண்டோம். ஏழு மணிக்கு நம் பழைய வரிசைக் கமிட்டித் தலைவர் லுத்விக் பையிலிருந்து நோட்டை எடுத்து நம்பர் போட்டு, மணிக்கொரு தரம் பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார், கூப்பிடும்போது ஆளில்லாவிட்டால் பெயரை அடிக்கிற அதே பழைய சட்டப்படி. பத்து மணிக்கு மல்வினா சாவியோடு வந்தாள்.

"நீ எத்தனாவது நம்பர்மா?" என்றார் லுத்விக்.

"நம்பரா? தாத்தா, இத நடத்துறதே நான்தான்."

"எல்லாரும் இதத்தான் சொல்வாங்க. முப்பத்திமூணு. போய்ப் பின்னால நில்லு."

பாவம், சிரித்துப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை என்றதும் போய் நின்றாள். சாவி வரிசையின் கடைசியில், கதவு வரிசையின் தொடக்கத்தில். அரை மணி கழித்து கமிட்டி அவசரமாகக் கூடி, விசேஷ அனுமதியில் அவளை முன்னால் விட்டது. உண்மையான அனுபவம் அவள் ஒருத்திக்குத்தான் கிடைத்தது.

உள்ளே அலமாரி நிறைய வினிகர் பாட்டில். அன்றைக்கும் தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது அது ஒன்றுதானே. நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய நோட்டு ஒன்று. மறுபடி பெயர் கூப்பிட்டால் தேவைப்படுமே என்று லுத்விக் இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தாராம். வாஷிங் மெஷின் வரிசை, எண்பத்துநாலாம் வருஷம். எழுதியது கமிட்டிச் செயலாளராகிய நீ. நாற்பத்தொன்று, போகுமில். அதன் மேல் சிவப்புப் பென்சிலில், ஸ்கேல் வைத்து அடித்த கோடு. வேறு எதையும் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன்.

நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. நாற்பத்தொன்று நான், நாற்பத்திரண்டு நீ. ஒன்பதாம் நாள், மத்தியானப் பெயர் கூப்பிடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், அடுத்த தெருவில் கழிவறைக் காகிதம் 'எறிஞ்சிருக்காங்க' என்று சத்தம் கேட்டது. கடைக்குச் சரக்கு வந்தது என்று அப்போது யார் சொன்னோம், எறிந்தார்கள் என்றுதானே சொல்வோம், நாய்க்கு எலும்பு எறிகிற மாதிரி. ஓடினேன். பத்து உருளை, கயிற்றில் கோத்துத் தந்தார்கள், அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி மூச்சிரைக்கத் திரும்பி வந்தேன். அதில் அஞ்சு உனக்குத்தான், அக்கா.

"பேர் கூப்பிட்டு நாலு நிமிஷம் ஆச்சு," என்றாய்.

"அக்கா, நான் உன் தம்பி!"

"வரிசையில தம்பி கிடையாது. நம்பர்தான்."

பத்து உருளையையும் நானே வைத்துக்கொண்டேன். அடுத்த மாசமே நீயும் அத்தானும் தோருனுக்கு வண்டி கட்டினீர்கள்; வண்டியில் மெஷினைப் பார்க்க மனசில்லாமல் நான் வழியனுப்பக்கூட வரவில்லை. இங்கே ஹலினா அஞ்சு வருஷம் மூணு பிள்ளைகளின் துணியைக் கையால் கசக்கினாள், விரல் வெடித்து ரத்தம் வரும். அதிலிருந்து உன் பேச்சை யார் எடுத்தாலும் நான் எழுந்து போய்விடுவது ஊரறிந்த விஷயம். ஹலினாவுக்கே கோபமில்லை என்பதுதான் வேடிக்கை. "உங்க அக்கா செஞ்சதுல என்ன தப்பு? நீங்க இன்னிக்கும் எங்க போனாலும் லேட்டுதானே" என்கிறாள். போகட்டும். மெஷின் சுகமா? இன்னமும் சுத்துதா? நாப்பது வருஷமா உன் வீட்டுத் திரைச்சீலையெல்லாம் வெள்ளை வெளேர்னு பறந்திருக்குமே, நல்லா இரு!

அத்தானுக்கு வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசி. நூறு வருஷம் வாழ்க என்று வழக்கம்போல் பாடுகிறேன், ராடோமில் இருந்தபடியே.

உன் நாற்பத்தொன்றாம் நம்பர்,
போகுமில்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடப் போன வழியில் மன்றத்துக்குள் நுழைந்தேன். கண்ணாடிப் பெட்டியின் விளக்கச் சீட்டில் என் பெயரைப் போகுஸ்வாஃப் என்று எழுதியிருந்தார்கள், திருத்தச் சொல்லலாமென்று. சரிபார்க்க மல்வினா நோட்டை வெளியே எடுத்து என் கையிலேயே கொடுத்தாள். நாற்பத்திரண்டின் மேலும் கோடு. அதே சிவப்பு, அதே ஸ்கேல். நேரே லுத்விக் வீட்டுக்குப் போனேன். "அன்னிக்கே தன் பேரையும் அடிச்சுக்கிட்டா. எவ்வளவோ சொன்னேன், கேக்கல. 'அவனுக்கு இல்லாதது எனக்கெதுக்கு'ன்னுட்டா" என்றார். ஏன்யா எங்கிட்ட சொல்லல என்று கத்தினேன். "அவ பேரை எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடுவியே, யாருகிட்ட சொல்றது?" என்றார்.

வெட்கமாயிருக்கு, அக்கா. மேலே எழுதியதை அடித்துவிடு, நீதான் நன்றாக அடிப்பாயே. டிக்கெட் வாங்கிவிட்டேன். கவுன்டரில் எனக்கு முன்னால் ஒருத்தரும் இல்லை. யார் கடைசி என்று கேட்க ஆளில்லாமல் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். வெள்ளிக்கிழமை பகல் வண்டியில் நானும் ஹலினாவும் வருகிறோம், உன் அஞ்சு உருளையோடு. வண்டி நாலு நிமிஷம் தாமதமானால் பொறுத்துக்கொள். வந்ததும் ஒன்றே ஒன்று கேட்பேன்: அத்தனை வருஷம் நீ எதுல துணி துவைச்சே?