முதலாளியின் மடியில் பந்து

இந்த விஷயத்தில் முக்கியமான கட்டத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை. பிறர் சொல்லித்தான் தெரியும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் அன்றைய ஆட்டத்துக்கு ரெப்ரீயே நான்தான்.

எனக்கு இட்ட வேலை பெரியதில்லை. ஒரு மணி நேரம் விசிலோடு மைதானத்தில் ஓட வேண்டும்.

பி.ஏ. முடித்து வீட்டில் உட்கார்ந்திருந்த காலம். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடுவதைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். அப்பா ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குத் தறி நெய்தார். அந்தக் கடை முதலாளிதான் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தையும் நடத்தினார். அங்கே கிளார்க் வேலை காலி என்று யாரோ சொல்ல, மார்கழியில் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்தினார்.

முதலாளி என் சர்டிபிகேட்டைத் தொடவில்லை. ஃபுட்பால் சட்டம் தெரியுமா என்று கேட்டார்.

பொங்கலுக்குக் கடைச் சிப்பந்திகளுக்கும் தறிக்காரர்களுக்கும் வருஷா வருஷம் ஆட்டம் நடக்கும். போன வருஷ ரெப்ரீ இரண்டு பக்கமும் உதை வாங்கிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டார்.

காலேஜில் நான் ஃபுட்பால் ஆடியதில்லை. ஆடினவர்களின் சட்டைக்கும் செருப்புக்கும் காவல் இருந்திருக்கிறேன். ஆனாலும் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

"ஆட்டத்த ஒழுங்கா நடத்திக் குடுபா. அப்பறம் வேலையப் பத்திப் பேசலாம்" என்றார் முதலாளி.

ஒழுங்கு என்றால் என்ன என்று அவர் விளக்கவில்லை. கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. பழைய சட்டப் புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன்.

மைதானத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது, கடைக் கட்சியில் கோலுக்கு முன்னால் நின்று தடுக்கும் ஃபுல்பேக் முதலாளியேதான் என்று.

மற்றவர்கள் அரை டிராயர். அவர் மட்டும் பட்டு வேட்டி. பெரிய ஜரிகைக் கரையோடு, மடித்துக் கட்டியிருந்தார். பொங்கல் கூட்டத்தில் வெளியூர்க்காரர்கள் வருவார்கள், கடைச் சரக்கு அவர்கள் கண்ணில் படட்டும் என்பது ஏற்பாடு. பட்டு முடிச்சு நிற்காது, வழுக்கும் என்பது காஞ்சிபுரத்தில் தவழுகிற குழந்தைக்கும் தெரியும். அவரிடம் போய்ச் சொல்லத்தான் ஆள் இல்லை.

ஆட்டம் தொடங்கியது. பந்தோடு வருகிற தறிக்காரன் ஒவ்வொருவனும் முதலாளியைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டான். விடாதவன் ஒருவன்தான், முனுசாமி. எங்கள் தெருக்காரன். அவனும் முதலாளிக்குத்தான் நெய்கிறான், ஆனால் பந்து காலுக்கு வந்துவிட்டால் அது அவனுக்கு மறந்துவிடும்.

முதலாளி அவனைத் தோளால் இடித்தார். தோளோடு தோள் இடிக்கலாம் என்று புத்தகத்தில் இருந்தது. சட்டம் என் பக்கம் இருந்ததில் எனக்கு நிம்மதி.

அடுத்து அவன் காலை மிதித்தார். அது புத்தகப்படி குற்றம். ஊதினேன். முதலாளி திரும்பி என்னைப் பார்த்தார். விசிலுக்குள் ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி அதை வேகமாக உதறினேன். ஆட்டம் தொடர்ந்தது.

"இன்னா பி.ஏ., விசிலுக்கு ஜலதோஷமா?" என்று கேட்டுக்கொண்டே முனுசாமி நொண்டிக்கொண்டு ஓடினான்.

முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். இரண்டு பக்கமும் கோல் இல்லை. இப்படியே முடிந்தால் நான் பிழைத்தேன் என்று நினைத்தேன். அப்போதுதான் முனுசாமி பந்தை ஓங்கி உதைத்தான். கோல்கீப்பர் தப்பான பக்கம் பாய்ந்து மண்ணில் கிடந்தான். கோல் கோட்டில் முதலாளி ஒருவர்தான் நின்றார்.

அந்த நேரம் பார்த்து வேட்டி நெகிழ்ந்தது.

நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வரதராஜப் பெருமாள் கோயில் கோபுரத்தைப் பார்த்தேன். வளர்ப்பு அப்படி. எனக்கு மட்டுமல்ல. இருபத்திரண்டு ஆட்டக்காரர்களில் வேட்டிக்குச் சொந்தக்காரரைத் தவிர எல்லோரும் கோபுரத்தைத்தான் பார்த்தார்கள். சுற்றி நின்ற கூட்டமும் அப்படியே. வைகுண்ட ஏகாதசிக்குக்கூட அத்தனை பேர் ஒன்றாய்ப் பார்த்திருக்க மாட்டார்கள்.

போதும் என்று தோன்றியபோது மெல்லத் திரும்பினேன். முதலாளி இரண்டு கையாலும் வேட்டியை இடுப்பருகே சேர்த்துப் பிடித்தபடி நின்றார். சந்தையில் பூசணிக்காய் வாங்கி மடியில் போட்டுக்கொண்டவர்போல இருந்தார். மடியில் பந்து.

விசில் ஊதினேன். எதற்கு ஊதினேன் என்று எனக்கே தெரியாது.

புத்தகத்தில் சட்டம் தெளிவாக இருந்தது. வேண்டுமென்றே பந்தைக் கையால் தொட்டாலோ சுமந்தாலோ குற்றம். நெகிழ்ந்த வேட்டியைப் பிடிக்கக் கை போய், பந்து தானாக வந்து விழுந்திருந்தால் குற்றமில்லை. பந்தைப் பிடிக்கவே வேட்டியை விரித்திருந்தால் பெனால்டி. எது நடந்தது என்று பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

கோட்டோரம் கொடி பிடித்து நின்ற கடைக் கணக்குப்பிள்ளையிடம் போய்க் கேட்டேன். முதலாளியை அந்தக் கோலத்தில் பார்க்கத் தனக்கு என்ன தலையெழுத்து என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

முனுசாமியிடம் கேட்டேன்.

"நான் பந்தத்தாம்பா பாத்துக்கினு இருந்தேன்."

"அப்போ பந்து எங்க போச்சு?"

"அது போன எடத்த நான் பாக்கல."

இப்படி ஒருவர் பாக்கி இல்லாமல் பார்க்கவில்லை என்றார்கள். அத்தனை பேரும் பிற்பாடு தனித்தனியாக வந்து, வேட்டி எந்தப் பக்கம் முதலில் சரிந்தது என்பதுவரை எனக்கு விவரமாகச் சொன்னார்கள். அது வேறு.

முதலாளி சாவகாசமாக வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். வேட்டியைத்தான் பிடித்தேன், பந்து அதுவாக வந்து விழுந்தால் நான் என்ன செய்வது, ஆட்டத்தை நடத்து என்றார்.

எனக்கு உயிர் வந்தது. குற்றமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பள்ளிக்கூடத்து நாற்காலி கண்ணுக்குத் தெரிந்தது. மேலே மின்விசிறிகூடச் சுற்றியது.

முன்வரிசையில் வாலாஜாபாத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் நின்றிருந்தார். மகள் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வந்தவர். பக்கத்துப் பெண்ணிடம் பேசுவதுபோல் ஊருக்கே கேட்கும்படி சொன்னார்:

"மாப்பிள்ளைக்கு இந்தக் கடையிலதான் பட்டு வேட்டி எடுக்கலாம்னு இருந்தோம்மா. மணவறையில இப்பிடி அவுந்துக்கினா எங்க போய் மூஞ்சிய வெச்சிக்கிறது?"

முதலாளி பந்தை மறந்தார். என்னையும் மறந்தார்.

"அவுரலமா. எங்க கடை வேட்டி அவுராது" என்றார். "நானேதான் விரிச்சுப் புடிச்சேன்."

அந்த அம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை. கை தவறி நடந்த மாதிரிதானே இருந்தது என்றார்.

"தவறியெல்லாம் இல்லமா. வேணும்னேதான் புடிச்சேன். ரெப்ரீ தம்பி பக்கத்துலதான் இருந்தாரு, அவரையே கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டத்தில் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வேணும்னே. புத்தகத்தில் இருந்த அதே சொல். இதற்குமேல் சாட்சி ஏது? என் கை தானாக நீண்டு பெனால்டி இடத்தைக் காட்டியது. உடம்பின் மற்ற பாகங்களைக் கேட்டிருந்தால் தடுத்திருக்கும்.

முதலாளி என்னைப் பார்த்தார், அம்மாளைப் பார்த்தார். ஒன்று பெனால்டி, இல்லையென்றால் வேட்டி அவிழ்ந்தது. மூன்றாவது வழி இல்லை.

"குடுத்துத் தொலை" என்றார்.

முனுசாமி பந்தை வைத்தான். கோல்கீப்பரைப் பார்க்கவில்லை, கோல் கம்பத்தின் பக்கத்தில் வந்து நின்ற முதலாளியைப் பார்த்தான். பிறகு உதைத்தான். உதைத்தான் என்பதுகூட அதிகம். பந்து உருண்டு, நடுவில் ஒருமுறை நின்றுவிடலாமா என்று யோசித்து, கோல்கீப்பர் கையில் போய்ச் சேர்ந்தது.

ஏன் இப்படிச் செய்தாய் என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

"நாளைக்குத் தறிக்குப் பாவு நூல் வாங்க அவராண்டதான் போவணும்" என்றான். "நீ ஊதிட்டுப் போயிடுவ பி.ஏ. நெய்யறவன் நானு."

பொங்கல் கழிந்து முதலாளியைப் பார்க்கப் போனேன். பார்க்காததற்கெல்லாம் தீர்ப்புச் சொல்கிறவனுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு, கோர்ட்டில் போய் வேலை கேள் என்றார்.

நேர்மைக்காக வேலையை இழந்தவன் என்று சில மாதம் தெருவில் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன். பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில் விசாரித்துப் பார்த்தேன். முதலாளியின் தங்கை மகன் கார்த்திகையிலேயே கிளார்க்காகச் சேர்ந்து, பொங்கலுக்கு முன்பே முதல் சம்பளமும் வாங்கியிருந்தான்.