எம் சைஸ் ராஃபேல்

தன் மனைவியின் எலும்புகளை இன்னொருத்தன் காப்பாற்றக் கூடாது. காலைச் சாப்பாட்டு மேசையில் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே ராஃபேல் இந்தத் தீர்மானத்துக்கு வந்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. அதில் ராஃபேல்தான் சேஃப்டி சூப்பர்வைசர். தலைக்கவசம் இல்லாமல் ஒரு பூனைகூட அவரைத் தாண்டி உள்ளே போக முடியாது. பூனை போயிருந்தால் அன்றைக்கு அவர் லீவு என்று அர்த்தம். பாதுகாப்பு என்பதே தன் சொந்தச் சொத்து என்று நினைத்திருந்த மனுஷன். அவர் வீட்டிலேயே, அவர் பெண்டாட்டிக்கே, எவனோ ஒருவன் போனில் பாதுகாப்புப் பாடம் எடுத்தால் வயிறு எரியுமா எரியாதா? எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

அவர் மனைவி அகதா பிளாஸ்டிக் டப்பா விற்பவள். சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களில் அவள் டப்பா இல்லாத அடுப்படி கிடையாது. விற்ற விற்பனையில் கம்பெனிக்காரனே மிரண்டுபோய், துணைக்கு ஒருவரையும் கூட்டிக்கொண்டு ஜப்பானுக்குப் போய் வாருங்கள் என்று டிக்கெட் கொடுத்துவிட்டான். போகும் இடம் பனிமலை. அங்கே காலில் பலகையைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்குவார்களாம். நானும் சறுக்கப் போகிறேன் என்றாள் அகதா.

துணைக்கு யார் என்று ராஃபேல் கேட்கவே இல்லை. கட்டிய புருஷன் கல்லு மாதிரி இருக்கும்போது அதை ஏன் கேட்க வேண்டும்? போன வருஷம் கேமரன் மலைக்கும் அவர்தானே துணைக்குப் போனார். போய் இரண்டு கம்பளிக்குள் புகுந்துகொண்டார். வெளியே தலை நீட்டியது ஒரே ஒரு தடவை. அதுவும் ஹோட்டல் தீயணைப்பு உருளையில் தேதி முடிந்துவிட்டது என்று மேனேஜரிடம் சண்டை போடுவதற்கு. அதை அகதா மறக்கவில்லை என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

இனி அந்த எவனோ ஒருவன். பெயர் சிவநேசன். அகதாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஜப்பானில் பனிமலை விடுதி ஒன்றில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து, இப்போது புக்கிட் பெலிம்பிங்கில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். ராஃபேல் அவனை நேரில் பார்த்ததில்லை. போட்டோவில் பார்த்திருக்கிறார். அதுதான் வினை. வாட்ஸ்அப் போட்டோவில் சிவநேசன் பனியில் ஒரு கால் ஊன்றி, சறுக்குப் பலகையைத் தோளில் சாய்த்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, ஒல்லியாக, உயரமாக, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். வயிறு என்ற உறுப்பே அவனுக்கு இல்லை. ராஃபேலுக்கு அது மட்டும்தான் இருந்தது.

அன்று காலையும் அகதா போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"யாரு போன்ல?"

"சிவநேசன்."

"விடிஞ்சதும் என்னவாம்?"

"பின்பக்கம் பஞ்சு வச்ச கால்சட்டை வாங்கணுமாம்."

ரொட்டி சானாய் ராஃபேலின் தொண்டையில் நின்றது. "யாரு பின்பக்கத்துக்கு?"

"எனக்குத்தாங்க. புதுசா கத்துக்கிறவங்க பொத்துனு உக்காந்த மாதிரியே விழுவாங்களாம். வால் எலும்பு பத்திரமா இருக்கணும்னு சொல்றான்."

"உன் வால் எலும்பைப் பத்தி அவனுக்கு என்ன கவலை?"

"வேற யாரு இந்த வீட்டுல கவலப்பட்டா?"

இந்த இடத்தில்தான் ராஃபேல் அந்தத் தீர்மானத்துக்கு வந்தார்.

சாயங்காலம் ஆலையிலிருந்து வரும்போது மஞ்சள் தலைக்கவசம் ஒன்று, தோல் கையுறை ஒரு ஜோடி, வெல்டிங் கண்ணாடி ஒன்று எல்லாம் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினார். ஆலையில் காலையில் ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் பேசுவது போலவே அகதாவையும் நிற்க வைத்துப் பேசினார்.

"முதல்ல தலை. தலை போனா எல்லாம் போச்சு. இது எங்க ஆலை ஹெல்மெட். யானை மிதிச்சாலும் உடையாது."

அகதா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது மேலேருந்து பழக்குலை விழுந்தா தாங்குறதுக்குத்தானேங்க? பனியில குலை விழாதே. நானில்ல விழுவேன்? பின்மண்டைக்குக் காப்பு எங்க?"

ராஃபேல் ஹெல்மெட்டை வாங்கி அதன் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். இவ்வளவு வருஷ சர்வீசில் அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"இது நீயா யோசிச்சதா?"

"சிவநேசன் சொன்னான்."

"கையுறை? கையுறையில என்ன குத்தம்?"

"கை ஊனி விழுந்தா மணிக்கட்டுதான் முதல்ல முறியுமாம். உள்ள தகடு வச்ச மணிக்கட்டுக் காப்பு வேணுமாம். வெல்டிங் கண்ணாடி போட்டா எதிர்ல மரம் இருக்கா மனுஷன் இருக்கான்னே தெரியாதுன்னு..."

"அவன் சொன்னானா?"

"இல்ல, இது நானே சொல்றேன்."

ராஃபேலின் காதில் புகை வந்தது. அவன் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் பொறுக்கவில்லை. தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பார்.

"இனிமே எல்லாச் சாமானும் நான்தான் வாங்குவேன். உனக்கும் வாங்குவேன், எனக்கும் வாங்குவேன். அவன்கிட்ட எதையும் கேக்கக் கூடாது."

"வேணாங்க, எதுக்கு வீண் செலவு? சாதாரணமானது போதும்னு சிவநேசனே..."

"சாதாரணமா? என் பெண்டாட்டி மண்ட சாதாரண மண்டையா?"

அகதா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் சிரித்தாளா என்பது ராஃபேலுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அன்று இருவரும் போனைப் பார்த்து ஆன்லைனில் சாமான் தேடினார்கள். அகதா ஒன்றைக் காட்டி, இது போதும்னு சிவநேசன் சொன்னான் என்பாள். ராஃபேல் உடனே அதற்கு ஒரு படி மேலே இருப்பதைத் தொடுவார். சிவநேசன் சொன்ன கண்ணாடியில் ஆவி படியாது. ராஃபேல் எடுத்த கண்ணாடியில் ஆவியும் படியாது, கீறலும் விழாது. சிவநேசன் சொன்ன முழங்கால் காப்பில் ஒரு மெத்தை. ராஃபேல் எடுத்ததில் இரண்டு. இப்படியே தலையிலிருந்து கால்வரை எல்லாவற்றிலும் சிவநேசனைத் தோற்கடித்துக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் அவர் கார்டுதான்.

"என் சைஸ் போட்டாச்சு. உங்களுக்கு என்ன போடட்டும்? ரெண்டு எக்ஸ், ஒரு எல்?"

ராஃபேல் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு, பெரிய விஷயம் இல்லாத மாதிரி கேட்டார்: "அவன் என்ன சைஸு?"

"யாரு?"

"அவன்தான்."

"சிவநேசனா? அந்த போட்டோல போட்டிருக்கானே, அது எம்."

"எனக்கும் எம் போடு."

"என்னங்க..."

"எம்!"

"வாங்கினா மாத்தித் தர மாட்டாங்களாம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"எதுக்கு மாத்தணும்? போன வாரத்துலேருந்து ராத்திரி நான் சோறு கம்மியாத்தான் சாப்பிடுறேன். நீ கவனிக்கல."

"கவனிக்கலீங்க," என்றாள் அகதா. எம் என்று தட்டினாள்.

பெட்டி வந்தது. ராஃபேல் தன் பங்கைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். உள்ளே கட்டில் இழுபட்டது. அலமாரி அதிர்ந்தது. யாரோ யாரையோ கொலை செய்கிற மாதிரி முக்கல் கேட்டது.

"சரியா இருக்கா?" அகதா வெளியிலிருந்து கேட்டாள்.

"கச்சிதமா இருக்கு!"

"மூச்சு விட முடியுதா?"

"அதெல்லாம்... அப்புறம்... விட்டுக்கலாம்."

"லேசா இறுக்கமாத்தான் இருக்கணுமாம். லூசா இருந்தா விழும்போது காப்பு நகர்ந்துடுமாம்."

இதைக் கேட்டதும் ராஃபேலுக்குத் தெம்பு வந்துவிட்டது. இறுக்கம்தான் இலக்கணம் என்றால் அவரைவிட இலக்கணமான ஆள் சிலாங்கூரிலேயே கிடையாது. தலைக்கவசம் ஏறியது, காது மடங்கியது. முழங்கால் காப்பு முழங்காலுக்குப் போகாமல் கெண்டைக்காலிலேயே தங்கிவிட்டது. பஞ்சு வைத்த கால்சட்டை மட்டும் தொடைக்கு மேல் ஓர் அங்குலமும் நகர மாட்டேன் என்றது. அதைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். வால் எலும்பு என்ன பெரிய எலும்பா? தவிர, அது சிவநேசன் சொன்ன எலும்பு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்ததும் ஒத்திகை. ஊருக்கு வெளியே பழைய ஈயச் சுரங்கத்து மணல் மேடு இருக்கிறது. வெயிலில் பார்த்தால் வெள்ளை வெளேரென்று பனி மாதிரியே இருக்கும். உடைந்த அலமாரியின் கதவை எடுத்து அடியில் மெழுகுவர்த்தி தேய்த்து, இரண்டு பழைய செருப்பை மேலே ஆணி அடித்து, ராஃபேல் தானே சறுக்குப் பலகை செய்திருந்தார். வீடியோ எடுக்க அகதாவின் தங்கை கெய்ட்லின் வந்திருந்தாள். கோலசிலாங்கூரில் ஒரு வங்கியில் வேலை பார்ப்பவள்.

"அத்தான், அந்தப் பஞ்சுக் கால்சட்டை போட்டிருக்கீங்களா?"

"உள்ள இருக்கு," என்றார் ராஃபேல். எதற்கு உள்ளே என்று சொல்லவில்லை.

"வேணாங்க, எறங்கிடுங்க," என்றாள் அகதா. இந்த முறை அவள் நிஜமாகவே பயந்துதான் சொன்னாள். "அங்க போனா சொல்லிக் கொடுக்க ஆள் இருப்பாங்க லா. சிவநேசன்கூட முதல்ல..."

அந்தப் பெயர் காதில் விழுந்தது. ராஃபேல் புறப்பட்டுவிட்டார்.

கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனார். கெய்ட்லின் கைகூடத் தட்டினாள். போட்டோவில் சிவநேசன் சிரித்த மாதிரி பல்லெல்லாம் காட்டிச் சிரிக்கலாம் என்று ராஃபேல் முகத்தை அவர்கள் பக்கம் திருப்பினார். முகத்தோடு பலகையும் திரும்பியது. பலகை ஒரு பக்கம் போக, ராஃபேல் மணலில் பொத்தென்று உட்கார்ந்தார். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் எப்படி விழுவார்கள் என்று சிவநேசன் சொல்லியிருந்தானோ, அப்படியே விழுந்தார்.

கிளினிக்கில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். வால் எலும்பில் நல்ல அடி. மூன்று வாரம் உட்காரவே கூடாது. குப்புறப் படுக்கலாம், நிற்கலாம். தலைக்கவசத்தைக் கழற்றுவது டாக்டரால் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து கெய்ட்லின்தான் ஒரு பாக்கெட் செம்பனை எண்ணெயை ஊற்றி உருவினாள்.

விமானம் அடுத்த சனிக்கிழமை. அகதா கட்டிலருகே நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"ஏழு மணி நேரம் உக்காரணுமேங்க. உங்களால முடியாதே. நான் போகலங்க."

"சேச்சே, நீ போ. ஆசைப்பட்டுட்ட."

"துணைக்குன்னு இருக்கற டிக்கெட் வீணாப் போகுமே. இந்த அவசரத்துல யாரு கெளம்புவா?" அகதா யோசித்தாள். "அங்க எடம் தெரிஞ்ச ஆளுன்னா சிவநேச..."

தலையணையில் முகம் புதைத்துக் கிடந்த ராஃபேல் துள்ளி எழுந்தார். எழுந்ததும் ஐயோ என்று விழுந்தார்.

"கெய்ட்லின்! கெய்ட்லினைக் கூட்டிட்டுப் போ!"

"அவளுக்கு லீவு கெடைக்குமோ என்னமோ."

"நான் கெஞ்சிக் கேட்டேன்னு சொல்லு! என் சாமானெல்லாம் எடுத்துக்கட்டும். கட்டிலுக்கடியில ஒண்ணு இருக்கு, அதையும் எடுத்துக்க."

அகதா குனிந்து எடுத்தாள். விலைச்சீட்டு அப்படியே தொங்கியது. ஒன்றும் கேட்கவில்லை. அந்த மட்டும் நல்லவள்.

சனிக்கிழமை அக்காளும் தங்கையும் பறந்துவிட்டார்கள். திங்கட்கிழமை மத்தியானம் முதல் போட்டோ வந்தது. பனிமலை. இரண்டு பேர் சறுக்குப் பலகையோடு நிற்கிறார்கள். ராஃபேல் குப்புறப் படுத்தபடியே போனைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பின்னால் நிற்கிறவர்களையெல்லாம் ஒவ்வொருவராகப் பார்த்தார். சிவநேசன் எங்கேயும் இல்லை. அப்பாடா! வால் எலும்பு போனாலும் மானம் நின்றது.

அப்போது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். கதவு சாத்தியிருக்கவில்லை. ஓர் ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் உள்ளே வர முடிந்தது, அவ்வளவு அகலம். கையில் அகதா விற்கும் பிளாஸ்டிக் டப்பா.

"அண்ணே, கஞ்சி கொண்டாந்திருக்கேன். நான்தான் சிவநேசன்."

ராஃபேல் கழுத்தைத் திருப்பி அண்ணாந்து பார்த்தார். "நீயா? அப்ப அந்த போட்டோ?"

"அது கல்யாணத்துக்கு முந்தி எடுத்தது லாண்ணே."

"நீ எம் சைஸ் இல்ல?"

சிவநேசன் சிரித்ததில் கட்டில் ஆடியது. "எம்மா? இப்ப என் ஒரு கால்தாண்ணே எம்!"

இத்தனை நாள் எரிந்த வயிறு ஒரே நொடியில் குளிர்ந்துவிட்டது. ராஃபேலுக்கு அந்த ஆளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இவ்வளவு தங்கமான மனுஷனையா சந்தேகப்பட்டோம்! தாராளம் பொங்கிவர, போனை நீட்டினார்.

"உக்காரு தம்பி. இத பாரு, கெய்ட்லினுக்கு என் சாமான் அளவெடுத்த மாதிரி பொருந்தியிருக்கு."

"அளவெடுத்துத்தானேண்ணே வாங்குனுச்சு."

"யாரு?"

"அகதாதான். தங்கச்சிய கடைக்குக் கூட்டியாந்து தலை, இடுப்பு, மணிக்கட்டு எல்லாம் டேப் வச்சு அளந்துச்சு. எம்தான் சரியா வரும்னு நான்தான் சொன்னேன்."

"எப்ப? நான் விழுந்த பிறகா?"

"டிக்கெட் கெடைச்ச வாரமேண்ணே. தங்கச்சி பேரையும் கம்பெனிக்கு அப்பவே குடுத்தாச்சு." சிவநேசன் டப்பாவைத் திறந்து கரண்டியால் கலக்கினான். "அண்ணன் தனியா இருப்பாரு, சாப்பாடு நீதான் கொண்டு போய்க் குடுக்கணும்னும் அன்னைக்கே சொல்லிருச்சு."

ராஃபேலின் குரல் தலையணைக்குள்ளிருந்து வந்தது.

"அன்னைக்கே கஞ்சின்னா சொன்னா?"

"இல்லண்ணே, அப்ப கோழிக் குழம்புன்னுதான் சொன்னுச்சு. நீங்க விழுந்ததும்தான் கஞ்சின்னு மாத்திருச்சு."