கேட்பு முகாமுக்குப் போன காது

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் அக்காளின் கணவன் மிகுந்த பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அங்கே தாங்கள் சுகமாகத்தான் இருந்தாக வேண்டும், ஏனென்றால் தங்களால் எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருக்கிறது. 'தாங்கள்' என்று நான் எழுதும்போதே அதைக் கண்டுபிடித்திருப்பீர்கள். உங்களுக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலேயே உங்களை 'டேய்' என்று கூப்பிட்டவன் நான்.

விஷயத்துக்கு வருகிறேன், மச்சான். வீடு போகப்போகிறது. உங்கள் அக்காளும் நானும் இருக்கிற வீடு. யாரும் பிடுங்கவில்லை. நானே எழுந்து நின்று, மைக்கைப் பிடித்து, கூட்டம் முழுக்கப் பார்த்திருக்க, சிரித்த முகத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன் என்று உங்கள் அக்காளுக்குத் தெரியாது, தெருவுக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். படித்ததும் கிழித்துப்போடுங்கள். கிழிக்கிற சத்தம் வெளியே கேட்கக் கூடாது.

நம்ம தெருமுனை மின்கம்பத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அதன் தலைமேல் எவனோ டியூஷன் விளம்பரத்தை ஒட்டிவிட்டான். மிச்சம் தெரிந்தது இவ்வளவுதான்: 'கேட்பு முகாம். பொதுமக்கள் தவறாமல் கலந்துகொள்ளவும். மூத்தவர்களுக்கு முன்னுரிமை.' நான் படித்த படிப்பு உங்களுக்குத் தெரியும், "போதும்டா, நீயும் பாவம் நானும் பாவம்" என்று வாத்தியாரே கும்பிட்டு அனுப்பிவைத்த படிப்பு. கண்ணுக்குப் போட்டால் கண் முகாம், பல்லுக்குப் போட்டால் பல் முகாம். அப்போது கேட்பு முகாம் என்றால் என்ன, நீங்களே சொல்லுங்கள். மேலே மறைந்துபோன வார்த்தை 'கருத்து' என்பதும், கூட்டம் போடுவது நகரமைப்புத் துறை என்பதும், நம்ம தெருவை அகலமாக்க எந்த வரிசை வீடுகளை எடுக்கலாம் என்று ஜனங்களிடம் கேட்கத்தான் அந்த ஏற்பாடு என்பதும் எனக்கென்ன கனவிலா தெரியும்?

காது விஷயத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். இடது காது தங்கம். வலதுதான் ஒத்துழைக்கிறதில்லை. குளிச்சா தண்ணி தேங்குது, படுத்தா ஒரே இரைச்சல். உங்க அக்கா இதை எத்தனையோ வருஷமாச் சொல்லிக்கிட்டே இருக்கா. நான் ஒத்துக்கிட்டதே இல்லை. "எனக்கு நல்லாத்தான் கேக்குது, உனக்குத்தான் பேச வரலை"ன்னு சொல்லியே காலத்தை ஓட்டிட்டேன். நீங்க காதுல மிஷின் மாட்டின நாள்ல இருந்து உங்களுக்கு டிரான்சிஸ்டர்னு பேர் வச்சு, "இன்னைக்கு என்ன நியூஸ் வருது மச்சான்"னு தெருவே சிரிக்கக் கேட்டவன், எந்த முகத்தோட ஒத்துக்கறது? அதனால முடிவெட்டப் போறேன்னு உங்க அக்காகிட்டப் பொய் சொல்லிட்டு, சத்தம் காட்டாம முகாமுக்குப் போனேன்.

வாசல்ல ஒரு பொண்ணு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தது. காதுல பென்சில் சொருகியிருந்தது. சரிதான், காது டிபார்ட்மென்ட்காரங்க அடையாளம் போலன்னு நினைச்சுக்கிட்டேன். பேர், கதவு நம்பர் எல்லாம் எழுதிக்கிட்டு உள்ளே அனுப்பிச்சுது. உள்ளே சுவர் நிறைய ஒரு படம். ரோஸ் கலர்ல, வளைஞ்சு வளைஞ்சு ஒரு பாதை போகுது, நடுவுல ஒரு வட்டம், அந்தப் பக்கம் ஒரு குழாய் மாதிரி. மச்சான், சத்தியமா நான் அதைக் காதுன்னுதான் நினைச்சேன். காதைக் குறுக்கே வெட்டிப் பார்த்தா இப்படித்தான் இருக்கும்போல, கடவுள் எவ்வளவு சிக்கலா வச்சிருக்கான்னு ஆச்சரியப்பட்டேன். அது நம்ம தெருவும் ரவுண்டானாவுமாம். கண்ணாடி போட்ட பெரிய அதிகாரி ஒருத்தர் கையில குச்சியோட வந்து அதைத் தொட்டுக் காட்டி, "இந்த இடம் ரொம்பக் குறுகல். எப்பவும் அடைப்பு. மழைக்காலத்துல தண்ணி வடியறதில்லை, தேங்கி நாத்தம் எடுக்குது. இரைச்சல் வேற, மனுஷன் தூங்க முடியலை"ன்னார். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. இத்தனை வருஷத்துல என் கஷ்டத்தை ஒருத்தர்கூட இப்படிப் புட்டுப்புட்டு வச்சதில்லை. நான் கையைத் தூக்கி, "ஐயா, எனக்கும் அதே கம்ப்ளைண்ட்தான்"னு கத்தினேன்.

உடனே மைக்கைக் கொண்டுவந்து கையில குடுத்துட்டாங்க. காது முகாம்ல எதுக்கு மைக்குன்னு யோசிச்சேன், சரி, செவிடங்க கூட்டம், சத்தமாத்தானே பேசணும்னு சமாதானம் ஆயிட்டேன். அப்புறம் நடந்ததை அப்படியே எழுதறேன், ஒரு வார்த்தைகூடக் கூட்டலை.

"ஐயா, நீங்க சொல்லுங்க, எந்தப் பக்கம்?"ன்னார் அதிகாரி.

"வலது பக்கம்தான். இடது பக்கத்துல ஒரு குறையும் இல்லை. அதைத் தொடவே கூடாது"ன்னேன்.

"வலது பக்கம் அவ்வளவு மோசமா?"

"இருந்தும் பிரயோஜனமில்லை. சும்மா அழகுக்கு நிக்குது."

ஹால்ல ஒரு பக்கம் சிரிப்பு, இன்னொரு பக்கம் உறுமல். நான் கண்டுக்கலை. "உங்களோடதும் அந்தப் பக்கம்தானா?"ன்னு கேட்டார். என்ன கேள்வி இது, என்னோடது இல்லாம எதிர்வீட்டுக்காரனோடதுக்கா நான் வந்தேன்? அடைப்பை எடுக்கப்போறாங்கன்னு நினைச்சு, "என்னோடதுதான், முதல்ல என்னோடதை எடுங்க. வலிக்காம எடுத்தீங்கன்னா சரி"ன்னேன். அதிகாரி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டார். "பதிலுக்கு அரசாங்கத்துக்கிட்ட என்ன எதிர்பார்க்கறீங்க?"ன்னார். மிஷினைத்தான் கேக்கறார்னு எனக்கு ஒரே சந்தோஷம். "பெருசா வேண்டாங்க. சின்னதா ஒண்ணு. பார்த்தா இருக்கறதே வெளிய தெரியக் கூடாது. அதே இடத்துல, கொஞ்சம் உள்ளே தள்ளி வச்சுக் குடுத்தாப் போதும்"ன்னேன்.

கை தட்டினாங்க பாருங்க! ஒவ்வொரு பேஷண்டுக்கும் தட்டுவாங்கபோலன்னு நானும் குனிஞ்சு வணக்கம் வச்சேன். அதிகாரி என் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, "என் சர்வீஸ்ல எல்லாரும் அடுத்தவன் வீட்டைத்தான் காட்டிக் குடுப்பாங்க, உங்கள மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததில்லை"ன்னார். அதுல பாதிதான் அப்ப காதுல விழுந்துச்சு, மீதியைத் தெருதான் அப்புறம் சொல்லுச்சு. வெளிய வந்து அந்தப் பென்சில் பொண்ணுகிட்ட, "மிஷின் எப்பம்மா வரும்?"னு கேட்டேன். "அடுத்த மாசம் வந்துடும் தாத்தா. ஒரே நாள்ல இடிச்சுத் தள்ளிடும், சிரமமே தெரியாது"ன்னுச்சு. இடிக்குமா? காதுல மாட்டற மிஷின் எதுக்கு இடிக்கணும்? படியில இறங்கறதுக்குள்ள நம்ம பக்கத்து வீட்டுத் தையல்காரன் சட்டையைப் பிடிச்சுட்டான். "ஏன் பெருசு, உன் வீடு உனக்குப் பாரம்னா நீ போய்க் குடு. என் வீட்டையும் சேர்த்துத் தாரை வார்க்க நீ யாரு?"ன்னான். அப்பத்தான் மச்சான், அந்தப் படம் காது இல்லைன்னு எனக்கு உறைச்சுது.

தெருவுக்குள்ள நுழைஞ்சா வலது கைப் பக்கம் நம்ம வரிசை, இடது கைப் பக்கம் உங்க வீடு இருக்கிற வரிசை. இடது வரிசைக்காரங்களுக்கு இப்ப நான் தெய்வம். மருந்துக்கடைக்காரர் ஸ்டூல் போட்டு உட்கார வைக்கறார். உங்க வீட்டுல வாடகைக்குக் குடியிருக்கிற போஸ்ட்மேன் என்னைப் பார்த்தா சைக்கிளை விட்டு இறங்கி சல்யூட் அடிக்கறார். வலது வரிசையில யாரும் முகம் குடுக்கறதில்லை. தையல்காரன்கிட்டத் தைக்கக் குடுத்திருந்த சட்டை வந்துச்சு, போட்டுப் பார்த்தா வலது கை முழங்கைக்கு மேலயே நின்னுபோச்சு. என்னடா இதுன்னு கேட்டா, "வலது பக்கம் எடுத்துடலாம்னு நீதானே சொன்னே"ங்கறான்.

இதெல்லாம் நான் தாங்கிக்குவேன். நான் பண்ணாத கிண்டலா? உங்க அக்கா விஷயம்தான் தாங்க முடியலை. வீட்டை நான் வீம்புக்காகத் தூக்கிக் குடுத்தேன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. பேசறாளா இல்லையான்னு எனக்கு உறுதியாச் சொல்லத் தெரியலை, உதடு அசையுது. நேத்து சமையலறைச் சுவரை ஈரத்துணி வச்சுத் துடைச்சுக்கிட்டிருந்தா. இடிக்கப்போற சுவரை எதுக்குத் துடைக்கிறேன்னு கேட்டேன். என்னமோ பதில் சொன்னா. கேக்கலை. திரும்பச் சொல்லுன்னு கேக்கவும் பயமாயிருந்துச்சு. சும்மா தலையை ஆட்டிட்டு வந்துட்டேன். எதுக்குத் தலையாட்டினேன்னு ராத்திரியெல்லாம் யோசனை. மகன் வீட்டுல போய் இருக்கலாம்னா, அது ஆறாவது மாடி, அவளுக்கு லிஃப்ட்னா உதறல், இறக்கி விட்டா ஏற மாட்டா, ஏத்தி விட்டா இறங்க மாட்டா.

வர்ற புதன்கிழமை கடைசிக் கூட்டம். ஆட்சேபணை இருந்தா அன்னைக்கே சொல்லிடணும், அப்புறம் பிளான் மேலிடத்துக்குப் போயிடும், மாத்த முடியாதாம். நீ உடனே கிளம்பி வா, மச்சான். அதிகாரிகிட்ட எனக்கு அன்னைக்குக் காய்ச்சல்னு சொல்லு. புத்தி தடுமாற்றம்னு சொல்லு. பைத்தியம்னு சொன்னாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன். செவிடுன்னு மட்டும் சொல்லிடாதே. அதுக்கப்புறம் நான் இந்தத் தெருவுல எப்படி நடமாடுவேன்? உன்னை டிரான்சிஸ்டர்னு கூப்பிட்டதுக்கு இதோ எழுத்துமூலமா வருத்தம் தெரிவிச்சாச்சு.

உன் வீட்டுக்காரிக்கு என் விசாரிப்பைச் சொல். பேரப்பிள்ளைகளை என் சார்பில் ஒருமுறை கிள்ளிவிடு. நோய்நொடி அண்டாமல், புதன்கிழமை வரைக்குமாவது பல்லாண்டு வாழ வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
எப்போதும் உன் நலமே நாடும்,
அக்கா புருஷன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போன நேரத்துல வாசல்ல ஒரே சத்தம். பென்சில் பொண்ணும் ரெண்டு ஆளும் மஞ்சள் பெயின்டோட வந்து, எடுக்கப்போற வீட்டுக்கெல்லாம் குறி போடறாங்க. நம்ம வரிசையை விட்டுட்டு எதிர்வரிசையில போடறாங்க! ஓடிப்போய்க் கேட்டேன். நாம எல்லாரும் மார்க்கெட் பக்கமாத் தெருவுக்குள்ள நுழையறோம், அவங்க பிளான் பாலத்துப் பக்கமா நுழையுதாம். அவங்களுக்கு வலது பக்கம்னா நமக்கு இடது பக்கம். எங்க வீடு தப்பிச்சுடுச்சு மச்சான்! தையல்காரன் என்னைக் கட்டிப் பிடிச்சுத் தூக்கிட்டான். நான் துள்ளிக் குதிச்சு முடிச்சுட்டுத் திரும்பிப் பார்த்தா, மஞ்சள் பெயின்ட் உன் வீட்டுச் சுவர்ல வழிஞ்சுக்கிட்டிருக்கு. போஸ்ட்மேன் சல்யூட் அடிக்கலை. உங்க அக்கா ரோட்டைத் தாண்டி வந்து என் இடது பக்கமா நின்னா. "அவன் வீட்டையா குடுத்தீங்க?"ன்னு கேட்டா. இந்தத் தடவை நல்லாக் கேட்டுச்சு. எல்லாத்தையும் அவகிட்டச் சொல்லிட்டேன், நோட்டீஸ்ல இருந்து.

அதனால மேலே எழுதினது எதையும் மனசுல வச்சுக்காதே. நீ யார்கிட்டயும் எதையும் சொல்ல வேண்டாம். புதன்கிழமை நானே மைக்கைப் பிடிச்சு, எனக்குக் காது கேக்காது, அன்னைக்குச் சொன்னது என் காதைப் பத்தின்னு சொல்லிடறேன். நீ டிரான்சிஸ்டரை மாட்டிக்கிட்டுப் பக்கத்துல நில்லு, அவங்க என்ன பதில் சொல்றாங்கன்னு எனக்குச் சொல்ல ஒரு ஆள் வேணும். இப்பவே உங்க அக்கா முன்னாடி ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "இவ்வளவு கத்தாதீங்க, அவங்களுக்கெல்லாம் காது கேக்கும்"ங்கறா.