அரக்கு உறைக்குள் பாஸ்வேர்டு

விழுப்புரத்தில் ஓர் அலுவலகம். பெயர் வேண்டாம், சொன்னால் அதற்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அங்கே எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர். சான்றிதழ்கள் முழுக்க அதற்குள்தான். திங்கட்கிழமை முதல் அது திறக்கவில்லை. "பாஸ்வேர்டு தவறு" என்கிறது. பதவி மூப்பு வரிசைப்படி ஆளுக்கொரு தடவை தட்டிப் பார்த்தார்கள். மூத்தவர் தட்டியும் திறக்காததில் எல்லோருக்கும் வருத்தம்.

பாஸ்வேர்டு தெரிந்த ஒரே மனிதர் கோதண்டபாணி, போன வெள்ளிக்கிழமை திண்டிவனத்துக்கு மாறுதலில் போய்விட்டார். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் பீரோ சாவி, கால் உடைந்த ஸ்டூல் எல்லாம் உண்டு. பாஸ்வேர்டுக்குத்தான் கட்டம் இல்லை.

வியாழக்கிழமை மதியம் கெடாரிலிருந்து காந்திமதி வந்தாள். மயிலத்தில் ஒரு காலேஜில் மகளுக்கு இடம் கிடைத்திருந்தது. நாலு மணிக்குள் சாதிச் சான்றிதழ் கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்கு.

"அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா ஆவாதுங்களா சார்?"

கண்காணிப்பாளர் சீனுவாசன் பதறிவிட்டார். "ரகசியத்த போன்ல கேக்கறதாம்மா? முறையா கடுதாசி போட்டோம். பதிலும் வந்துடுச்சி, தோ பாரு."

மேசைமேல் அரக்கு வைத்த உறை.

"அப்ப ஜல்தியா பிரிங்க சார்!"

"தபால் பதிவேட்டுல ஏத்தி நம்பர் போடாம எப்படி பிரிக்கறது?"

"போடுங்களேன்."

"பதிவேடு அந்த ஃபோல்டர்லதாம்மா இருக்குது."

இதில் பிழை எங்கே? ஃபோல்டர் திறந்தால் நம்பர், நம்பர் விழுந்தால் உறை பிரியும், உறை பிரிந்தால் ஃபோல்டர் திறக்கும்.

காந்திமதி அழுதுவிட்டாள். "மல்லாட்டை கொல்லையில கடலை புடுங்கற கூலியில படிக்க வச்சேன் சார். எங்க வூட்ல மொதமொத காலேஜுக்குப் போவப்போற பொண்ணுங்க."

சீனுவாசனும் மனிதர்தானே. கத்தரிக்கோலை எடுத்தார். "சரி வுடு. நம்பர அப்புறம் போட்டுக்கறேன்."

மூன்று நாளாக வரிசையில் நிற்கும் எங்களுக்கு ரத்தம் கொதித்தது.

"எங்களுக்கு மட்டும் மொறை பேசுனீங்க! இன்னிக்கி வந்தவங்களுக்குப் பிரிப்பீங்களா?"

முதல் குரல் என்னுடையதுதான். பின்னாலிருந்தவர்கள் செல்போனைத் தூக்கி வீடியோ எடுத்தார்கள். கத்தரிக்கோல் மேசைக்குள் போனது. பொதுமக்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது.

நாலு மணி அடித்ததும் காந்திமதி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். கவுண்டர் ஜன்னலோரம் அவள் நின்ற இடம் காலியானது. மூன்று நாளில் முதல் தடவையாக வரிசை ஓரடி நகர்ந்தது.