செவிமடுத்தல் பற்றி நான் ஆற்றிய உரை

சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராகக் காடியை (எங்கள் ஊரில் காருக்கு அதுதான் பெயர்) எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள்தான் எங்கள் பங்கில் நிம்மதியாக வாழ்கிறவர்கள். ஒரு கோப்பிக்கு ஆசைப்பட்டுக் கோவில் வாசலில் நின்றீர்களோ, தொலைந்தீர்கள். பாதி கோப்பி குடிப்பதற்குள் ஃபாதர் தோளில் கை போடுவார். மீதியைக் குடித்து முடிக்கும்போது நீங்கள் ஏதோ ஒரு குழுவின் செயலாளர்.

நானும் அப்படிக் கோப்பிக்கு நின்றவன்தான். ஆனால் என் விஷயத்தில் ஃபாதரைக் குறை சொல்ல முடியாது. அவர் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தார்.

"சேவியர், கல்யாணம் பண்ணிக்கப் போற பிள்ளைங்களுக்கு வகுப்பு வைக்கிறோம்ல? 'கணவன் மனைவி ஒருவரையொருவர் செவிமடுத்தல்'னு ஒரு தலைப்பு இருக்கு. அதை நான் பேசினா நல்லாவா இருக்கும்? நான் எந்தப் பொண்டாட்டி பேச்சைக் கேட்டேன்? இதெல்லாம் பொதுநிலையினர் செய்ய வேண்டியது. நீயும் ரீத்தாவும் வந்து பேசுங்களேன்."

பொதுநிலையினர் என்றால் குருவாகவோ கன்னியராகவோ இல்லாத நாங்கள் எல்லாரும். அதுவரை திருச்சபைக்கு என் பங்களிப்பு நாற்காலி அடுக்குவதும், திருவிழாவுக்குச் சீரியல் பல்பு கட்டுவதும்தான். (அந்தப் பல்புகளும் பாதிதான் எரியும்.) இப்போது நான் போதிக்க வேண்டுமாம்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அதுக்கென்ன ஃபாதர், ரெண்டு பேரும் வந்துடறோம்" என்றேன்.

என் மனைவி ரீத்தா அப்போது நாலடி தள்ளி நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தோன்றவில்லை.

எனக்குப் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு வேலை. எங்கள் ஆலையில் எதையும் ஸ்லைடு போட்டுச் சொன்னால்தான் அது உண்மை. ஆகவே ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து ஸ்லைடு செய்தேன். முதல் ஸ்லைடில் யானைக் காது அளவுக்கு ஒரு காது. கடைசியில் 'பிரச்சினை தீர்ந்தது' என்று பச்சை எழுத்து. அதன் கீழே இரண்டு கைகள் தாமாகவே தட்டிக்கொள்ளும். எல்லாம் முடிந்த பிறகுதான் ரீத்தாவிடம் சொன்னேன்.

"என்னைக் கேட்டீங்களா?" என்றாள்.

"இப்பத்தானே கேக்குறேன்."

"எனக்கு மேடையில பேச வராதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நீ பேச வேணாம்லா. பக்கத்துல நின்னு சிரிச்சா போதும்."

சனிக்கிழமை காலை காடியில் போகும்போது அவள் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். நான் மனத்துக்குள் இரண்டாவது ஸ்லைடில் இருந்தேன். "ம்" என்றேன். இன்னும் ஏதோ சொன்னாள். "ம், ம்" என்றேன். போய் இறங்கியதும் அவள் தேநீர் போடுகிற பெண்களுக்கு உதவப் போய்விட்டாள். நான் புரொஜெக்டரோடு மல்லுக்கட்டப் போய்விட்டேன். வகுப்பு தொடங்க மேடை ஏறும்போது அவள் என் காதருகே மறுபடியும் எதையோ கேட்டாள். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே தலையாட்டினேன்.

மண்டபம் நிறைய ஜோடிகள், பல் பிடுங்க வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். நான் தொண்டையைச் செருமினேன்.

"கேட்பது வேறு, செவிமடுப்பது வேறு. கேட்பது காதின் வேலை. செவிமடுப்பது இதயத்தின் வேலை."

இதைச் சொல்லிவிட்டுச் சற்று நிறுத்தினேன், அவர்கள் எழுதிக்கொள்ளட்டும் என்று. இரண்டு பேர் எழுதவும் செய்தார்கள். அந்தக் கணத்தில் நான் பிஷப்பே, மேற்றிராணியாரே ஆகிவிட்டேன்.

முன்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். பெயர் ஜெசிந்தா என்று சட்டையில் ஒட்டியிருந்தது. பக்கத்தில் கெல்வின் என்ற சீட்டு ஒட்டிய பையன்.

"அங்கிள், ஆன்ட்டி கடைசியா சொன்ன ஒரு விஷயத்தை நீங்க எப்படிச் செவிமடுத்தீங்க? உதாரணம் சொல்லுங்களேன்."

ஒன்றும் நினைவில் இல்லை. 'மறந்துட்டேம்மா' என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஆனால் மேற்றிராணியார் அப்படிச் சொல்வாரா?

"இன்று காலை காடியில் வரும்போது," என்று குரலைத் தாழ்த்தினேன், "ரீத்தா தன் மேடைப் பயத்தை என்னிடம் பகிர்ந்துகொண்டாள். நான் ஒன்றும் பேசவில்லை. அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். வழியெல்லாம்."

பக்கத்தில் இன்னொரு மைக் உயிர்பெறும் சத்தம் கேட்டது.

"வழியெல்லாம் கையைப் பிடிச்சாராம்," என்றாள் ரீத்தா. "எங்களுது கியர் காடிங்க."

மண்டபம் அதிர்ந்தது. பின்வரிசையில் ஃபாதர் பைபிளால் முகத்தை மூடிக்கொண்டார்.

"நான் பயத்தைப் பத்திப் பேசவே இல்ல," என்றாள். பேச வராது என்றவளுக்குக் குரல் கணீரென்று வந்தது.

இதோடு முடிந்திருந்தால் என் மானம் மட்டும்தான் போயிருக்கும். ஆனால் ஜெசிந்தா சிரித்துக்கொண்டே கெல்வின் பக்கம் திரும்பினாள்.

"நேத்து போன்ல நான் உன்கிட்ட என்ன சொன்னேன், சொல்லு பார்ப்போம்."

கெல்வின் கூரையைப் பார்த்தான். "சாப்பிட்டியான்னு கேட்டே?"

அவள் சிரிப்பு நின்றது. "வேலையை விட்டுட்டேன்னு சொன்னேன், கெல்வின். நீ 'ஓகே, குட்நைட்'னு சொன்னே."

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கெல்வின் அப்படியே உட்கார்ந்திருந்தான். ஏதாவது செய்ய வேண்டுமே என்று ரிமோட்டை அழுத்திப் பிடித்துவிட்டேன். ஸ்லைடுகள் கடகடவென்று ஓடிக் கடைசியில் போய் நின்றன. 'பிரச்சினை தீர்ந்தது.' அந்த இரண்டு கைகளும் தட்டத் தொடங்கின. நிறுத்தத் தெரியவில்லை.

ஒரு கல்யாணத்தையே கலைத்துவிட்டேன். ரீத்தாவைப் பார்த்தேன். மைக்கை வாயருகே வைத்திருப்பதை மறந்து, வீட்டுக் குரலில் கேட்டேன்:

"காலையில என்ன சொன்னே ரீத்தா? எனக்குக் காதுல விழல. ஸ்லைடை நெனைச்சுக்கிட்டு வந்தேன்."

"அம்மா சுங்கை பாக்காப்புல இருந்து வர்றாங்க, பத்தரை மணிக்கு ஃபெரியில இறங்குவாங்க, என்னை இங்க விட்டுட்டு நேரா ஃபெரி நிக்கிற ஜெட்டிக்குப் போங்கன்னு சொன்னேன். இப்பக்கூட மேடையில 'அம்மாவை எங்க உக்கார வச்சீங்க'ன்னு கேட்டேன். சிரிச்சீங்க."

மணி பதினொன்றரை. என் போன் சைலண்டில். அவள் போன் காடியில்.

அவள் என்னை விட்டுவிட்டு கெல்வினைப் பார்த்தாள். "தம்பி, இவருக்கு எப்பவுமே காது கேக்காது. ஆனா இத்தனை வருசமா, திட்டு விழும்னு தெரிஞ்சும் 'என்ன சொன்னே'ன்னு திரும்பி வந்து கேட்டுடுவாரு. கேட்ட மாதிரி நடிச்சது இன்னிக்குத்தான் முதல் தடவை. அதான் நான் மைக்கை எடுத்தேன். எந்திரிங்க. போய்க் கேளுங்க."

கெல்வின் ஓடினான். போகிற வேகத்தில் நாற்காலி ஒன்று கவிழ்ந்தது.

நான் காடிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் மணியடிக்கும் சத்தம். சுற்றுப்பயணிகள் ஏறும், பெரிய குடையும் பிளாஸ்டிக் பூக்களும் வைத்த பெச்சா என்ற சைக்கிள் ரிக்‌ஷா ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து முருங்கைக்கீரைக் கட்டோடு என் மாமியார் இறங்கினார். நேராக மண்டபத்துக்குள் வந்து, கைதட்டும் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாப்ளே, நான் கடல்ல விழுந்துட்டேன்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

நான் கீரைக் கட்டைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

"வெளியில ஒரு பொண்ணு அழுவுது," என்று அவரே தொடர்ந்தார். "ஒரு பையன் எதிர்ல நின்னு 'மறுபடி சொல்லு, மறுபடி சொல்லு'ங்கறான். சர்ச்சுல நாடகம் ஏதும் போடுறீங்களா?"

"அந்தப் பொண்ணு சொல்லுதா?" என்று ரீத்தா கேட்டாள்.

"சொல்லிக்கிட்டே இருக்கு. இன்னும் முடியல."

ஜோடிகள் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். என் உரைக்குக் கிடைக்காத வரவேற்பு. ஃபாதர் எழுந்து வந்து மாமியாருக்கு நாற்காலி போட்டார், கோப்பி கொடுத்தார். (பாவம், மாமியாரும் குடித்துவிட்டார். இப்போது அவர் எங்கள் வகுப்பில் 'மாமியார் வீடு' என்ற தலைப்பில் பேசுகிறார்.)

ஜெசிந்தாவும் கெல்வினும் சாப்பாட்டு நேரத்துக்கு உள்ளே வந்தார்கள். இருவருக்கும் கண் சிவந்திருந்தது. அந்த வருடமே அவர்கள் கல்யாணம் நடந்தது. நானும் போய் நாற்காலி அடுக்கினேன்.

என்னை நீக்கிவிடுவார்கள் என்றுதான் நம்பியிருந்தேன். ஃபாதரோ, "அடுத்த தடவையும் நீங்க ரெண்டு பேரும்தான். ரீத்தா பேசட்டும். நீ பக்கத்துல நின்னு சிரி" என்றார். இன்றுவரை அதுதான் நான் செய்யும் திருப்பணி.

வீட்டிலும் விடுவதில்லை. நான் கவனமில்லாமல் "ம்" என்றால், பள்ளிப் பருவத்திலிருந்தே என் மகள் அனிதா கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அப்பா, இப்ப யாரு ஜெட்டியில நிக்கிறாங்க?"

போன வாரமும் கேட்டாள். பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்த நான் டிவியை அணைத்துவிட்டு, "என்னம்மா சொன்னே?" என்றேன்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாளாம். நல்ல பையனாம். திருமண வகுப்புக்கும் இரண்டு பேரும் பதிந்துவிட்டார்களாம்.

"அடடே! அப்போ எங்க வகுப்புக்குத்தான் வரப் போறீங்க!" என்றேன்.

"இல்லப்பா," என்றாள். "ஃபெரி ஏறிப் போற அக்கரையில, தாசேக் கெலுகோர் பக்கம் வேற ஒரு சர்ச்சுல."